கம்பி பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்: மண்ணில் கிடைத்த பழைய இரும்பு, வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இடிந்து மண்ணோடு மண்ணாகிவிட்ட ஒரு பழைய வீட்டு மனையில் புது அஸ்திவாரத்துக்குத் தோண்டினோம். ஒரு கூடை நிறையத் துருப்பிடித்த இரும்பு கிடைத்தது. ஆணிகள்தான் அதிகம். ஒரு முனையைச் சுருட்டிய நீளப் பட்டை ஒன்று, பாதி லாடம் மாதிரி ஒன்று, கத்தியின் அலகு போல ஒன்று. மீதி வெறும் கட்டிகள். எது என்ன, எவ்வளவு பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துருவைச் சுரண்டிவிட்டால் தெரியுமா?

சுரண்ட வேண்டாம். இரும்பு பற்றி எழுதுகிற எல்லோருக்கும் என் முதல் பதில் இதுதான். அருங்காட்சியகத்தின் உலோகப் பாதுகாப்புக் கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டதும் இதைத்தான்.

மண்ணுக்குள் கிடக்கும் இரும்பில் துரு இரண்டு பக்கமும் வளர்கிறது. உள்பக்கம் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். வெளிப்பக்கம் மண்ணையும் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பருத்துக்கொண்டே வரும். பொருள் புதைந்த நாளில் அதற்கு இருந்த மேற்பரப்பு, இந்த இரண்டுக்கும் நடுவே, துருவுக்குள்ளேயே மெல்லிய அடுக்காக நின்றுபோகிறது. பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தால் அந்த அடுக்கைத் தாண்டிப் போய்விட்டீர்கள். கையில் மிஞ்சுவது அரித்துப்போன உள்ளெலும்பு மட்டும். கொல்லர் போட்ட முத்திரை, சம்மட்டி பட்ட தடம், அலகில் சாணை பிடித்த கோடு எல்லாம் தூளாகக் கீழே கிடக்கும்.

போவது அது மட்டுமும் இல்லை. ஒருமுறை என் மேசைக்கு ஒரு கத்தி வந்தது. பார்வைக்குப் பழுப்புநிறக் கட்டி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அலகின் ஒரு பக்கத் துருவில் ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாக, இழையின் முறுக்குகூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. துணி எப்போதோ மக்கிவிட்டது. அதன் இழைகளுக்குள் ஊறிய துரு மட்டும் அதே வடிவில் நின்றுவிட்டது. கைப்பிடிக்குள் செருகுகிற வால்பகுதியில் மரத்தின் வரிகள் அதே போலப் பதிந்திருந்தன. துணியில் சுற்றி வைத்த, மரக் கைப்பிடி போட்ட கத்தி அது என்பதை அந்தத் துருதான் சொன்னது. கம்பி பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் துணியும் இல்லை, மரமும் இல்லை. உங்கள் கூடையில் கத்தி போல ஒன்று இருக்கிறது என்கிறீர்களே, அதைத் தனியே ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள்.

சரி, சுரண்டாமல் எப்படிப் பார்ப்பது? ஈரம் காய்ந்தபின் ஒட்டியிருக்கும் மண்ணை மென்மையான பிரஷ்ஷாலும் மூங்கில் குச்சியாலும் மெதுவாகத் தட்டிவிடுங்கள். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். அப்புறம் ஒரு காந்தம். நன்றாக இழுத்தால் உள்ளே உலோகம் மிச்சம் இருக்கிறது. லேசாக இழுத்தாலோ இழுக்கவே இல்லையென்றாலோ பெரும்பாலும் முழுக்கத் துருவாகிவிட்ட பொருள். அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்ட கட்டிகளுக்குள் பொருளின் வடிவம் வெற்றிடமாக நின்றிருப்பது உண்டு. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருப்பது சாவியா கொக்கியா என்று தெரிந்துவிடும். பாதுகாப்புக் கூடங்களில் அந்த வெற்றிடத்தில் எபாக்சி பிசின் ஊற்றி, மறைந்துபோன பொருளின் வடிவத்தையே வெளியே எடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, இது எந்த வகை இரும்பு என்று பாருங்கள். என்ன பொருள் என்பதைவிட எப்படிச் செய்தது என்பதை முதலில் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேனிரும்பு என்பது உலையில் காய்ச்சி அடித்துச் செய்தது. அதற்குள் கசடு நீளநீளமான நூல்களாக ஓடும். அதனால் துருப்பிடித்ததும் பிளந்த விறகு மாதிரி நீளவாக்கில் நார்நாராகப் பிரியும். இந்த நாரைக் கண்டுவிட்டால், அடித்துச் செய்த பழைய வேலை என்று ஓரளவு நம்பலாம். வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றியது. ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு இருக்கும்; உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருக்கும்; வளையாது, உடையும். நெடுநாள் ஈரமண்ணில் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்துபோய் கிராஃபைட் மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. உருவம் மாறாமல் இருக்கும், ஆனால் எடை குறைந்திருக்கும், கத்தி வைத்தால் வெட்டுப்படும், காகிதத்தில் தேய்த்தால் கறுப்பாக எழுதும். மூன்றாவது எஃகு. எஃகை மொத்தமாகக் காய்ச்சுகிற பெஸ்ஸிமர் முறை 1856இல் வந்தபிறகுதான் அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அதில் நார் பிரியாது, பள்ளம் பள்ளமாக அரிக்கும்.

இனி உங்கள் ஆணிகள். ஒரு மனையின் கதையை ஆணி சொல்வதுபோல வேறெதுவும் சொல்லாது என்பது என் அபிப்பிராயம். உடலை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு பக்கமும் முனையை நோக்கிச் சரிந்து ஒடுங்கினால் கையால் அடித்த ஆணி. அதன் தலையில் சம்மட்டி அடித்த சாய்ந்த முகங்கள் தெரியும், ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. இரண்டு பக்கம் மட்டும் ஒடுங்கி, மற்ற இரண்டும் இணையாக ஓடி, முனை மொட்டையாக இருந்தால் தகட்டிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய ஆணி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து 19ஆம் நூற்றாண்டு முழுக்கப் புழங்கியது. உருண்டையான உடலும் தட்டையான வட்டத் தலையும் இருந்தால் கம்பி ஆணி. இன்று கடையில் வாங்குவது அதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மற்றவற்றைப் பல இடங்களில் ஓரங்கட்டிவிட்டது. எந்த ஊரில் எப்போது வந்தது என்பது மாறும், வரிசை மாறாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கையால் அடித்த ஓர் ஆணி கிடைத்துவிட்டதென்று வீடு இருநூறு வருடப் பழசு என்று சொல்லிவிட முடியாது. பழைய ஆணியைப் பிடுங்கி நிமிர்த்தி மறுபடி அடிப்பது எல்லாக் காலத்திலும் நடந்தது. இயந்திர ஆணி வந்தபிறகும் கொல்லுப்பட்டறைகளில் ஆணி அடிப்பது நெடுநாள் தொடர்ந்தது. ஒரே குழியில் கையால் அடித்த ஆணி முப்பதும் கம்பி ஆணி ஒன்றும் கிடந்தால், அந்தக் குழி மூடப்பட்டது கம்பி ஆணி வந்தபிறகுதான். குழியின் வயதைத் தீர்மானிப்பது அதில் இருக்கிற மிகப் புதிய பொருள். திருகாணி ஏதாவது கிடைத்ததா என்று கூடையைக் கிளறிப் பாருங்கள், அதுவும் நல்ல சாட்சி. முனை மொட்டையாகவும், தலைப் பள்ளம் நடுவை விட்டு விலகியும் இருந்தால் பழையது. கூர்முனைத் திருகாணியை இயந்திரத்தில் செய்யும் முறை 1840களின் நடுவில்தான் வந்தது. தலையில் கூட்டல் குறிப் பள்ளம் இருந்தால் 1930களுக்கு முன்னே போக முடியாது.

சுருட்டிய முனையுள்ள பட்டை, கதவுக் கீலின் ஒரு பாதியாக இருக்க வேண்டும். சுருட்டிய கண்ணுக்குள் நுழைகிற முளை தனியே நிலைச்சட்டத்தில் அடித்திருக்கும். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் நிமிர்ந்த உருளையாகவும் வளைந்த துண்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், அதுதான் ஜோடி. பட்டையின் துளைகளையும் கவனியுங்கள். உளியால் குத்தின துளையென்றால் ஒரு பக்கம் விளிம்பு பிதுங்கியிருக்கும். துளைக்குள் ஆணி இன்னும் மாட்டிக்கொண்டு, அதன் முனை மடங்கியிருந்தால், மடங்கின இடம்வரை அளந்து பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே நின்ற கதவுப் பலகையின் கனம் அதுதான்.

பாதி லாடம் உடைந்த லாடம் ஆகாமலும் இருக்கலாம். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது என்பதால் ஒரு குளம்புக்கு இரண்டு தகடுகள் அடிப்பார்கள், ஆக ஒரு மாட்டுக்கு எட்டு. அவை அகலமாக, மெலிதாக, ஒரு பக்கம் வளைந்து இருக்கும்; ஆணித் துளைகள் வெளி விளிம்பை ஒட்டியே வரும். உங்களுடையதில் இரண்டு முனையும் தேய்ந்து மழுங்கியிருந்தால் அது முழுப் பொருள், மாட்டு லாடம். ஒரு முனை வெட்டென்று நின்றால் உடைந்த குதிரை லாடம்.

கேள்வி: எங்களுக்குக் கிடைத்தது உருண்டையான இரும்புக் குண்டு ஒன்று. கனமாக இருக்கிறது. ஓரிடத்தில் அடைப்பு வைத்தது போல ஒரு வட்டம் தெரிகிறது. சுத்தம் செய்து வீட்டு அலமாரியில் வைக்கலாமா?

தொடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், காவல்துறைக்குச் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பார்க்கலாம், யோசிக்கலாம் என்று எழுதுவேன். இதற்கு அப்படி எழுத மாட்டேன்.

உருண்டை இரும்பெல்லாம் பீரங்கிக் குண்டு இல்லைதான். தாதுவை அரைக்கிற ஆலைகளில் உருளும் குண்டுகள், விளையாட்டில் எறியும் குண்டுகள், வாசல் கம்பத்தின் உச்சியில் வைத்த அலங்கார உருண்டைகள் எல்லாமே துருப்பிடித்தால் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சொல்கிற அடைப்பு, மருந்து திணித்துத் திரி வைத்த வாயாக இருக்கலாம். கருமருந்து மண்ணில் கிடந்து செத்துப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது தப்பு. 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், இத்தகைய குண்டுகளில் நல்ல பழக்கமுள்ள ஒரு சேகரிப்பாளர், உள்நாட்டுப் போர்க்காலக் குண்டு ஒன்றைச் சீர்செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். அந்தப் போர் முடிந்தது 1865இல்.

எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்றும் கேட்பீர்கள். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான வார்ப்பிரும்புக் குண்டு ஏறக்குறைய 3.75 கிலோ இருக்கும், உள்ளே கூடானது குறையும். ஆனால் மேலே சொன்னபடி, மண்ணில் கிடந்த வார்ப்பிரும்பு தானாகவே எடை இழக்கும். வெளியே ஒட்டிய துருவும் மண்ணும் கணக்கைக் குழப்பும். எடை உங்களைக் காப்பாற்றாது. துளை போடுவது, தேய்ப்பது, சூடாக்குவது, மின்சாரத்தில் துரு எடுப்பது எதுவுமே கூடாது. வந்து பார்க்கிறவர்கள் அது ஆலைக் குண்டு என்று சொன்னால் நல்லது. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: பழைய மனையில் கிடைத்த கோடரியை வினிகரில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து வைத்தேன். சில மாதங்களில் வார்னிஷ் உப்பி, ஆரஞ்சு நிறத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கோத்து நிற்கிறது. ஏன்?

அது உப்பின் வேலை. மண்ணிலிருந்து குளோரைடு, துருவின் அடியில் உலோகத்தை ஒட்டியே சேர்ந்திருக்கும். மேல்துருவை எடுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். காற்றில் ஈரம் ஏறினதும் தண்ணீரை இழுத்து, அமிலத்தன்மையுள்ள துளிகளாக வெளியே வரும். ஒவ்வொரு துளியின் அடியிலும் இரும்பு கரைந்துகொண்டிருக்கிறது. வினிகர் தன் பங்குக்கு நுண்துளைகளில் புகுந்து தங்கியிருக்கும். வார்னிஷ் இரண்டையும் உள்ளே வைத்து மூடிவிட்டது.

இப்போது செய்யக்கூடியது, ஈரத்தை மறுப்பது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் நிறைய சிலிக்கா ஜெல்லோடு கோடரியை வையுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானியும் இருக்கட்டும். அது 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். ஏறினால் ஜெல்லை எடுத்து உலர்த்தி மறுபடி போடுங்கள். உப்பையே வெளியேற்ற வேண்டுமென்றால் காரக் கரைசலில் வாரக்கணக்காக, மாதக்கணக்காக ஊறவைத்துக் கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது பயிற்சியுள்ள பாதுகாப்பாளர் செய்கிற வேலை, வீட்டில் வேண்டாம்.

கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் மின்பகுப்பு முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். உள்ளே கெட்டியாக உலோகம் இருக்கிற, ஆராய்ச்சி மதிப்பு இல்லாத பொருளுக்கு அது சரிப்படும். முழுக்கத் துருவானதைப் போட்டால் தொட்டியின் அடியில் சேறுதான் கிடைக்கும். செய்தே தீருவேன் என்றால் சலவைச் சோடா மட்டும் கரையுங்கள். சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். நேர்மின்முனையில் (பிளஸ்) இணைக்கிற தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. அதிலிருந்து கரைகிற குரோமியம் கொடிய நஞ்சு. கிளம்புகிற ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், ஆகையால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

அந்தக் கோடரியின் வாய்ப்பக்கத்தை ஒரு தடவை லென்ஸில் பாருங்கள். பழைய கோடரிகளில் உடலைத் தேனிரும்பில் செய்து, வெட்டுகிற விளிம்பில் மட்டும் எஃகுத் துண்டைச் சூட்டோடு ஒட்டியிருப்பார்கள். இரண்டும் வேறு வேறு மாதிரி அரிப்பதால் ஒட்டிய கோடு தெரியும். தேய்த்தபின்னும் அது மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: பெரிய இரும்பு வளையங்கள் மூன்று. பீப்பாயினுடையதா, வண்டிச் சக்கரத்தினுடையதா?

விளிம்பைப் பாருங்கள். பீப்பாய் வளையம் மெல்லிய தகடு, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்திருக்கும். பீப்பாயின் வயிறு பருத்திருப்பதால் வளையத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். சக்கரப் பட்டை கனமானது. முனைகளைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள், ரிவெட் இருக்காது. வெளிப்பக்கம் தரையில் ஓடி ஓரங்கள் மழுங்கியிருக்கும். கையகலத்துக்குள் அடங்குகிற சின்ன, கனத்த வளையம் என்றால் சக்கரக் குடத்தைச் சுற்றிப் போட்டது.

கேள்வி: கறுப்பாக, கனமாக, துளைத் துளையாக ஒரு கட்டி. காந்தம் லேசாக ஒட்டுகிறது. விண்கல்லாக இருக்குமோ?

துளைகள் இருப்பதால், இல்லை என்றே சொல்வேன். இரும்பு விண்கல்லில் இப்படிக் குமிழ்த் துளைகள் இருக்காது. அதில் நிக்கலும் கலந்திருக்கும், ஆய்வகத்தில் அதைச் சோதிப்பது எளிது. உங்களிடம் இருப்பது இரும்புக்கிட்டம். உலையில் உருகி வழிந்து உறைந்த கசடு.

ஏமாற்றமாக இருந்தால் இதைக் கேளுங்கள். கிட்டம் கிடைத்த மனையில், அல்லது பக்கத்தில், யாரோ இரும்பு வேலை செய்திருக்கிறார்கள். அந்தக் கட்டி கிடந்த இடத்தைச் சுற்றி, நன்றாகக் காய்ந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்தில் பரப்பி, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேலே நகர்த்துங்கள். காந்தத்தை வெளியே உருவினதும் பையில் ஒட்டியது உதிரும். லென்ஸில் அதைப் பாருங்கள். நீலங்கலந்த கறுப்பில் மெல்லிய செதில்கள் இருந்தால், காய்ச்சிய இரும்பை அடிக்கும்போது தெறித்தவை. பொடிப்பொடியான உருண்டைகளும் இருந்தால், இரும்போடு இரும்பைச் சூட்டில் ஒட்டும்போது சிதறியவை. இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கு அருகில்தான் இவை அடர்த்தியாகக் கிடக்கும். மண்ணை மீட்டர் மீட்டராகக் கட்டம் போட்டு எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஒட்டுகிறது என்று எழுதிக்கொண்டே வந்தால், பட்டடை நின்ற இடத்தையே சுட்டிக் காட்டலாம். தொல்லியலாளர்கள் பட்டறைகளை ஆராயும்போது இதைத்தான் செய்கிறார்கள். இந்தக் கட்டத்தில் நீங்கள் மேற்கொண்டு தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்கு ஒரு வார்த்தை சொல்வது நல்லது. புதைபொருள் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் தகவல் சொல்வது கட்டாயம்.

கேள்வி: இவற்றுக்கு விலை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. துருப்பிடித்த ஆணிக்கும் கீலுக்கும் இருக்கிற மதிப்பெல்லாம் அது கிடைத்த இடத்தோடு சேர்ந்தது. மனையிலிருந்து பிரித்து விற்றால் அந்த மதிப்பும் போய்விடும்.

கேள்வி: படம் எடுத்து அனுப்பினால் என்னவென்று சொல்வீர்களா?

முடிந்தவரை சொல்கிறேன். அனுப்புகிற படங்கள் பலவற்றில் பொருளின் நிழல் உருவம்தான் தெரிகிறது, அதனால் எப்படி எடுப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நேராக வைக்காமல், சன்னல் ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள், அப்போதுதான் மேடுபள்ளம் தெரியும். அருகில் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். கைவிரலும் நாணயமும் வேண்டாம். இரண்டு பக்கமும், பக்கவாட்டும், உடைந்த முனை இருந்தால் அதை நெருங்கியும் எடுங்கள். ஆணியென்றால் தலையை மேலிருந்து ஒரு படம், உடலை ஒரு முகத்திலும் அதைக் கால் சுற்றுத் திருப்பி அடுத்த முகத்திலும் ஒவ்வொரு படம். ஒடுங்குவது இரண்டு பக்கமா நான்கு பக்கமா என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். கூடவே, காந்தம் எவ்வளவு இழுத்தது, எந்த ஆழத்தில் கிடைத்தது, பக்கத்தில் என்னென்ன கிடந்தன, சாம்பலோ செங்கல்லோ உடைந்த கண்ணாடியோ இருந்ததா என்று எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணைப் பையிலும் எழுதி வையுங்கள். மூன்றாவது பையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள் என்று நான் எழுதினால், அது எங்கே கிடந்தது என்று நீங்கள் உடனே திரும்பிப் பார்க்க முடிய வேண்டும்.